வடிவேலு மீம்களைக் கலையாய்வாக எடுத்துச் செய்ய முடியுமா?

#1 · கரித்துண்டு

அனைவருக்கும் வணக்கம். ஓவியத்தில் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். ஆய்வுத் திட்டத்துக்கு வடிவேலு மீம்களை எடுக்க விரும்புகிறேன். நெறியாளர் இசையவில்லை. "மீம் என்பது இதழியல் துறைக்காரர்கள் எண்ணிக் கணக்கெடுக்க வேண்டிய விஷயம். ஓவியம் படிக்கிறவனுக்கு அதில் என்ன வேலை?" என்கிறார். அவருக்கு எழுத்தில் பதில் தர வேண்டும்.

நான் பார்ப்பது இதுதான். 2011 தேர்தலுக்குப் பிறகு பல ஆண்டுகள் வடிவேலு நடித்த படங்கள் மிகக் குறைவு. அந்த ஆண்டுகளில்தான் அவர் முகம் எல்லாருடைய கைப்பேசியிலும் குடியேறியது. சம்பளம் வராத மாதக் கடைசி, தேர்வு முடிவு, மின்வெட்டு, தேர்தல் தோல்வி, எதுவானாலும் அவர் முகத்தை வைத்தே பேசிக்கொண்டோம். புதுப்படம் வராத நடிகரைத் தமிழர்கள் தங்கள் முகமாக வைத்துக்கொண்டார்கள். ஏன் அவர்? வென்று நிற்கும் கதாநாயகர்கள் இத்தனை பேர் இருக்க, அடிவாங்கித் திரும்புகிறவரின் முகத்தை ஏன் தேர்ந்தெடுத்தோம்? உருவப்படம் பற்றிய கேள்வி இது. ஓவியன் கேட்காமல் வேறு யார் கேட்பது?

கட்டுரையாக எழுதி முடித்துவிட எனக்கு மனமில்லை. படமாகவே செய்ய வேண்டும். எந்த முறையில் செய்தால் அது ஆய்வாக நிற்கும் என்பதைத்தான் இங்கே கேட்கிறேன்.

#2 · நீலச்சாயம்

கலை வரலாறு கற்பிக்கிறேன் தம்பி. உங்கள் நெறியாளரின் கேள்விக்குப் பழைய பதில் ஒன்று இருக்கிறது. லண்டன் ராயல் கலைக் கல்லூரியைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் 1993இல் கலைத்துறை ஆய்வை மூன்றாகப் பிரித்தார்: கலையைப் பற்றிய ஆய்வு, கலைக்கான ஆய்வு, கலையின் வழியே நடக்கும் ஆய்வு. எண்ணிக் கணக்கெடுப்பது முதல் வகை. அதை இதழியல் துறை தாராளமாகச் செய்யட்டும். உங்களுடையது மூன்றாவது வகை. வெட்டி, அடுக்கி, மறுபடி வரைந்து, அந்த வேலைக்குள்ளிருந்தே விடை காண வேண்டும்.

இந்த வழியில் முன்னே போனவர் கலை வரலாற்றாளர் ஆபி வார்பர்க். ஹாம்பர்க்கில் 1866இல் பிறந்தவர். 1929இல் இறக்கும்வரை கறுப்புத் துணி போர்த்திய பலகைகளில் படங்களைக் குத்தி, மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டே இருந்தார். கடைசி வடிவத்தில் 63 பலகைகள், ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான படங்கள். பழங்காலச் சிற்பத்தின் புகைப்படம், மறுமலர்ச்சிக் கால ஓவியம், அஞ்சல்தலை, விளம்பரம், நாளிதழ் நறுக்கு எல்லாவற்றுக்கும் அங்கே ஒரே மரியாதைதான். விளக்கவுரை என்று அவர் எழுதி வைத்தது சொற்பம். பறக்கும் ஆடையோடு ஓடிவரும் பெண், துக்கத்தில் தலைக்கு மேலே போகும் கை என்று உணர்ச்சி உறைந்துபோன உடலசைவுகளைத் தேடினார். அவை ஒரு காலத்திலிருந்து இன்னொரு காலத்துக்கு எப்படித் தாவுகின்றன, தாவும்போது பொருள் எப்படித் தலைகீழாகிறது என்று அந்தப் பலகைகள் காட்டுகின்றன. வெறியாட்டில் கையை வீசிய கிரேக்கப் பெண்ணே மறுமலர்ச்சிக் காலத்தில் சிலுவையின் அடியில் கதறும் மகதலேனா மரியாளாக வந்து நிற்பாள். கையும் உடலும் அதே அசைவில் இருக்கும், உணர்ச்சி மட்டும் நேர் எதிராகியிருக்கும். 2020இல் பெர்லினில் அந்தப் பலகைகளை மூலப் படங்களைக் கொண்டே மீட்டெடுத்துக் காட்சிக்கு வைத்தார்கள்.

கதையிலிருந்து கழன்று வந்த உடலசைவு, புதிய இடத்தில், புதிய பொருளோடு. வரியை மட்டும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் மீம் டெம்ப்ளேட் என்பதும் அதுவே அல்லவா? உங்கள் ஆய்வுக்குப் பலகைகள் போதும்.

ஒரு வேண்டுகோள். 1919இல் பிரெஞ்சுக் கலைஞர் டூஷாம் மோனா லிசா அஞ்சலட்டையில் மீசை வரைந்தார், அதே ஆண்டுகளில் பெர்லினில் ஹன்னா ஹோக் பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டினார், ஆகவே மீமும் கலைதான் என்று தொடங்கும் கட்டுரைகள் மலிந்து கிடக்கின்றன. அந்த வழியில் போகாதீர்கள். டூஷாம் உயரத்தில் இருந்ததைக் கீழே இழுத்தார். வடிவேலு மீமில் பேசுகிறவர் தாமாகவே கீழே இறங்கி நின்றுகொண்டு பேசுகிறார். இதைத் தொடாமல் வம்சாவளி மட்டும் சொல்வதில் பயன் இல்லை.

#3 · கோணல்கோடு

அச்சு வடிவமைப்பில் இருப்பவன். எல்லாரும் முகத்தைப் பார்க்கிறீர்கள். நான் எழுத்தைப் பார்க்கச் சொல்வேன்.

பழைய தமிழ் மீம் ஒன்றைத் திரையில் நான்கு மடங்கு பெரிதாக்குங்கள். வெள்ளை எழுத்து, கறுப்பு விளிம்பு. இந்த வழக்கம் ஆங்கில மீமிலிருந்து வந்தது. அங்கே பயன்பட்ட இம்பாக்ட் 1965இல் வெளியான எழுத்துரு. எல்லாவற்றையும் பெரிய எழுத்தாகவே போடுவார்கள். அதனால் எழுத்துகள் ஒரே உயரத்தில், செங்கல் அடுக்கியது போல நிற்கும். தமிழ் அப்படி நிற்குமா? 'கூ', 'ழு', 'ணி' என்று எழுதிப் பாருங்கள். மேலே கொக்கி, கீழே சுழி, பக்கத்தில் வளைவு. விளிம்பைத் தடிப்பாக்கினால் சுழிக்குள் இருக்கும் வெளி அடைபட்டுப் போகும். மெல்லிதாக்கினால் வெளிச்சமான சட்டையின் மேல் எழுத்தே தெரியாது. படத்துக்கு மேலே வெள்ளைப் பட்டை விட்டு அதில் கறுப்பில் எழுதும் வழக்கம் உலகெங்கும் வந்ததுதான். தமிழுக்கு அது தேவையாகவே இருந்தது. முகத்தின் மேல் எழுத்து ஏறாமல் இருந்ததால் முகம் முழுசாகத் தப்பித்தது. புருவமும் நெற்றியும் பேசுகிற நடிகருக்கு இது எவ்வளவு பெரிய லாபம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. தமிழ் யூனிகோடு சரியாக ஓடாத பழைய மென்பொருளில் செய்த மீம்களில் 'கொ' என்ற எழுத்து கொம்பு தனியே, கால் தனியே சிதறி, நடுவில் புள்ளிவட்டத்தோடு நிற்கும். இந்தச் சிக்கலைத் தவிர்க்கப் பலர் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டினார்கள். பிறகு கைப்பேசியிலேயே செய்ய முடிந்ததும் கைப்பேசியோடு வரும் எழுத்துரு படத்தில் வந்து உட்கார்ந்தது. ஆகவே எழுத்தைப் பார்த்தே இது அச்சகக் கணினியில் செய்ததா, பஸ்ஸில் போகும்போது செய்ததா என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

படத்தின் அழுக்கையும் விடாதீர்கள். ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. வெளிச்சத்தைவிட நிறத்தைக் குறைந்த நுட்பத்தில் சேமிக்கிறது. ஒவ்வொரு முறை பகிர்ந்து, மறுபடி சேமிக்கும்போதும் கட்டங்களின் ஓரம் வெளியே தெரிய ஆரம்பிக்கும், சிவப்பு எழுத்து கரைந்து பக்கத்தில் வழியும். அந்தக் கறை ஒரு படம் எத்தனை கை மாறியது என்பதற்குச் சாட்சி. தயவுசெய்து அதைச் சுத்தம் செய்துவிட்டுக் காட்சிக்கு வைக்காதீர்கள்.

#4 · ஏட்டுச்சுருணை

ஓய்வுபெற்ற தமிழாசிரியன். மீம் செய்யத் தெரியாது, பேரப்பிள்ளைகள் அனுப்புவதைப் பார்ப்பேன். கோணல்கோடு எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அவர் அழுக்கு என்கிறாரே, சுவடி பதிப்பிக்கிறவருக்கு அதுதான் ஆதாரம்.

ஒரே நூலுக்குப் பல ஏடுகள். எல்லாம் படியெடுத்தவை. மூல ஏடு கிடைக்காது. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் பதிப்பித்தபோது ஊர் ஊராக ஏடு தேடித் திரட்டி, ஒப்பிட்டு, வேறுபாடுகளைப் பாடபேதமாகக் காட்டினார். ஐரோப்பாவில் கார்ல் லாக்மன் பெயரால் வழங்கும் முறை ஒன்று இருக்கிறது. அதன் அடிப்படை எளிது. சரியான பாடத்தை வைத்து ஏடுகளின் உறவைச் சொல்ல முடியாது, ஏனென்றால் சரியானது எல்லா ஏட்டுக்கும் பொது. ஒரே பிழை இரண்டு ஏடுகளில் இருந்தால்தான் அவை ஒரு தாய் ஏட்டின் பிள்ளைகள் என்று சொல்லத் துணியலாம்.

இதை நேசமணி விவகாரத்தில் வைத்துப் பாருங்கள். 2001இல் வந்த 'ஃப்ரண்ட்ஸ்' படத்தில் வடிவேலு வண்ணம் பூசும் ஒப்பந்தக்காரர் நேசமணி. அரண்மனையில் வேலை நடக்கும்போது அவர் தலையில் சுத்தியல் விழும். 2019 மே மாத இறுதியில், பாகிஸ்தானிலிருந்து இயங்கிய பொறியியல் மாணவர்களுக்கான ஃபேஸ்புக் பக்கம் ஒன்று சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. தமிழர் ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டு, இது விழுந்துதான் நேசமணியின் தலை உடைந்தது என்று மிகுந்த அக்கறையோடு பதில் எழுதினார். அடுத்து வந்தவர்களும் அதே அக்கறையோடு நலம் விசாரித்தார்கள். பதினெட்டு ஆண்டுக்கு முந்தைய காயத்துக்குப் பிரார்த்தனை ஹேஷ்டேக்காகி உலக அளவில் முன்னணிக்குப் போனது. அந்த ஹேஷ்டேக்கின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் நேசமணி என்ற பெயருக்குள் ஓர் எழுத்து கூடுதலாக விழுந்திருந்தது. பிழையைக் கண்டவர்களும் அதே பிழையோடு எழுதினார்கள். திருத்தினால் கூட்டத்திலிருந்து பிரிந்துவிடுவோம் என்று தெரியும். திருத்தி எழுதியவர்களின் கிளை தனியே ஓடியது. ஏடு எழுதினவன் அறியாமல் செய்ததை இவர்கள் அறிந்தே செய்தார்கள்.

படங்களுக்கும் இதே கதைதான். ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட தொலைக்காட்சிச் சின்னம், ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிய பக்கப் பெயர்கள், திரையைப் பிடித்தபோது மேலே ஒட்டிக்கொண்டு வந்த கடிகாரமும் பேட்டரி அடையாளமும். ஒவ்வொன்றும் ஒரு பிழை, ஒவ்வொன்றும் ஒரு தடயம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வாட்ஸ்அப் சேமிக்கும் படத்தின் கோப்புப் பெயரிலேயே ஆண்டு, மாதம், நாள் எட்டு இலக்கமாக இருக்கிறது, 20190530 என்பது போல. அது படம் பிறந்த நாள் இல்லை, அந்தக் கைக்கு வந்த நாள். சுவடியின் கடைசி ஓலையில் படியெடுத்தவர் எழுதி வைக்கும் நாளுக்கு இணையானது.

தம்பி, ஒரே ஒரு டெம்ப்ளேட்டை எடுத்துக்கொண்டு அதற்குக் கொடிவழி, அதாவது எது எதிலிருந்து பிறந்தது என்ற வம்ச வரைபடம், வரையுங்கள். அது உங்கள் முதல் பலகையாகட்டும்.

#5 · நொச்சிப்பூ

குறுக்கிடுகிறேன். இதுவரை பேசிய எல்லாரும் மீம் என்பது தன்னையே தாழ்த்திக்கொண்டு பேசும் கலை என்பது போலவே எழுதியிருக்கிறீர்கள். என் கைப்பேசிக்கு வருகிற மீம்களில் பெரும்பகுதி அப்படி இல்லை. கறுத்த பெண், பருத்த பெண், ஆங்கிலம் தடுமாறும் பெண், பேருந்தில் அசந்து தூங்குகிற யாரோ ஒரு தொழிலாளி. அவர்கள் யாரும் நடிகர்கள் இல்லை, யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. எங்கள் கல்லூரி விழாவில் பாடிய மாணவி ஒருத்தியின் வாய் திறந்த கணத்தை வெட்டி டெம்ப்ளேட் ஆக்கினார்கள். அந்தப் பெண் அடுத்த பருவம் முழுக்க மேடை ஏறவில்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. 2003இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒரு பள்ளி மாணவன் கோலை வாளாகச் சுழற்றித் தனக்காக எடுத்து வைத்திருந்த காணொளியை உடன் படித்தவர்கள் இணையத்தில் ஏற்றினார்கள். உலகமே சிரித்தது. குடும்பம் வழக்குத் தொடுக்கும் நிலை வந்தது. வரைந்தவருக்கே கூட படம் கைவிட்டுப் போகிறது. அமெரிக்க ஓவியர் மாட் ஃப்யூரி 2005இல் உருவாக்கிய பேப்பே தவளை ஓர் அப்பாவிப் பாத்திரம். 2016இல் அதை வெறுப்புச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது. 2019இல் ஹாங்காங் போராட்டக்காரர்கள் அதே தவளையைத் தங்கள் எதிர்ப்பின் முகமாகத் தூக்கிப் பிடித்தார்கள். முகம் யார் கைக்குப் போனாலும் பேசும், எதை வேண்டுமானாலும் பேசும். பாடபேதம் என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியுமா ஐயா?

#6 · ஏட்டுச்சுருணை

முடியாது அம்மா. சொன்னது சரி. நான் பேசியது படம் எப்படிப் பயணிக்கிறது என்பதை மட்டும். யாருடைய முகம் என்பது அதற்கு முன்னால் வைக்க வேண்டிய கேள்வி. ஆனால் அந்த இரண்டு வகைச் சிரிப்பையும் பிரித்துப் பார்க்க நம் இலக்கணம் இடம் தருகிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் வகைகளை, சொல்லும்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும். நகை பிறப்பது எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகியவற்றில். பேராசிரியர் என்ற பெயருடைய பழைய உரையாசிரியர் இதில் எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார். தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறரால் எள்ளப்பட்ட இடத்தில் தான் நகுவது இன்னொன்று. நீங்கள் வருந்துகிற மீம்கள் முதல் வகை. வடிவேலு முகத்தை எடுத்து, என் நிலைமை இதுதான் என்று ஒருவர் அனுப்பும்போது அது இரண்டாம் வகை. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு மீம் என்று அழைப்பதால்தான் ஒருவர் புகழ்வதும் ஒருவர் வெறுப்பதும் ஒரே பெயருக்குள் நடக்கிறது.

#7 · கரித்துண்டு

ஐயா, இந்தப் பிரிப்பைக் கண்டதும் நான் வரைந்து வைத்திருந்த தாள்களை எடுத்துப் பார்த்தேன். வடிவேலுவின் கைப்புள்ள பாத்திரத்தின் சட்டகங்களை, அதாவது காட்சியை நிறுத்தி எடுத்த படங்களை, கரியால் வரைந்திருக்கிறேன். மீமில் பெரும்பாலும் மேலும் கீழுமாக இரண்டு கட்டம் வரும். மேல் கட்டத்தில் தாடை உயர்ந்து, மார்பு முன்னே வந்து, இமை பாதி இறங்கியிருக்கும். கீழ்க் கட்டத்தில் தோள் சரிந்து கழுத்தே காணாமல் போயிருக்கும். இரண்டையும் ஒரே தாளில் ஒன்றின் மேல் ஒன்றாக வரைந்தபோது கவனித்தேன்: வாயும் புருவமும் வெகுவாக மாறுகின்றன, தலைமுடியும் மீசையும் மாறுவதில்லை. அடிவாங்கிய பிறகும் அந்த மீசையின் கம்பீரம் அப்படியே இருக்கிறது. கண் எதிரியைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் யாராவது பார்த்துவிட்டார்களா என்று பார்க்கிறது.

வலியைவிடப் பிறர் பார்த்துவிட்டதே என்ற கூச்சம்தான் அந்த முகத்தில் முந்தி நிற்கிறது. கதாநாயகனின் முகத்தில் இது இல்லை. அவன் அடிவாங்கினாலும் எதிரியைத்தான் பார்ப்பான்.

#8 · ஏட்டுச்சுருணை

இதை நீங்கள் வரைந்திராவிட்டால் நான் கண்டிருக்க மாட்டேன். மேல் கட்டம் பெருமிதம். அது கல்வி, தறுகண், புகழ், கொடை நான்கிலும் பிறக்கும். கைப்புள்ள உரிமை கொண்டாடுவது தறுகண்ணை, அதாவது அஞ்சாமையை. கீழ்க் கட்டம் இளிவரல், தன்னையே இழிவாக உணர்வது. இலக்கணம் இவ்விரண்டையும் தனித்தனியே வைக்கிறது. மீம் இரண்டையும் ஒரே மூச்சில் காட்டுகிறது. பார்ப்பவருக்கு அதிலிருந்து நகை பிறக்கிறது.

எட்டுக்குள் அடங்காத முகங்களும் வரும். எதையும் காட்டாமல் வெறுமனே வெறித்துப் பார்க்கும் டெம்ப்ளேட் ஒன்று அடிக்கடி வருகிறதே, அது எதில் சேரும்? எட்டையும் சொன்ன பிறகு தொல்காப்பியர் இன்னொரு பக்கமாக முப்பத்திரண்டைத் தருகிறார். அரற்று, கையாறு, இடுக்கண், பொச்சாப்பு, ஐயம், நடுக்கு என்று அந்த வரிசை போகும். வெறித்த பார்வை கையாறு. செய்வதற்கு ஒன்றும் இல்லாத நிலை. உங்கள் தொகுப்பை இந்த நாற்பதுக்குள் பிரித்துப் பாருங்கள். எந்த முகம் எதிலும் நிற்க மறுக்கிறதோ அதற்குத் தனிப்பலகை கொடுங்கள்.

#9 · நீலச்சாயம்

ஐயா, சிறு எச்சரிக்கை. செய்யுளில் வரும் மாந்தர்க்கு வகுத்த இலக்கணத்தைச் சட்டகத்தில் உறைந்த முகத்துக்கு முழுதாகப் பொருத்தினால் ஆய்வாளர்கள் பிய்த்து எடுத்துவிடுவார்கள். படத்தில் முகம் மட்டும் பேசுவதில்லை, எழுதிய வரியும் பேசுகிறது. பெருமித முகத்துக்குக் கீழே அழுகை வரியை எழுதினால் என்ன மெய்ப்பாடு? அந்தப் பிளவைப் பதிவு செய்ய வழி வேண்டும். முகத்துக்கு ஒரு குறி, வரிக்கு ஒரு குறி என்று தனித்தனியே இடச் சொல்வேன்.

லிமோர் ஷிஃப்மன் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர் சொன்னதையும் பதிலில் சேர்த்துக்கொள்ளுங்கள். மீம் என்பது ஒற்றைப் படம் இல்லை, ஒன்றையொன்று அறிந்தே செய்யப்பட்ட படங்களின் கூட்டம் என்கிறார் அவர். நேசமணியின் கூடுதல் எழுத்து அதற்கு நேரடிச் சான்று.

கோணல்கோடு சொன்ன கறை பற்றி ஒரு மாற்றுக்கருத்து. ஜெர்மானியக் கலைஞர் ஹிட்டோ ஸ்டெயெர்ல் 2009இல் எழுதிய கட்டுரையில், கைமாறிக் கைமாறித் தேய்ந்த தரக்குறைவான படத்தை 'ஏழைப் படிமம்' என்று கொண்டாடினார். வேகமாகப் பரவுவதற்காகத் தெளிவை விட்டுக்கொடுத்த படம் அது. ஆனால் தமிழ் டெம்ப்ளேட்டுகளில் எதிர்த் திசையிலும் ஒன்று நடந்தது. பழைய படங்கள் தெளிவான பிரதியாக யூடியூபுக்கு வந்த பிறகு, யாரோ மெனக்கெட்டுத் திரும்பிப் போய் அதே சட்டகத்தைப் பளிச்சென்று எடுத்து, டெம்ப்ளேட்டாகவே விநியோகித்தார்கள். தேய்ந்த வம்சத்துக்கு நடுவே மூலத்திலிருந்து புதுக் கிளை முளைக்கிறது. கொடிவழி வரையும்போது இது உங்களைக் குழப்பும். கூர்மையான படம் எல்லாம் பழையது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

#10 · பனங்கூடல்

நான் யாழ்ப்பாணம், இப்போது இருப்பது டொரொன்டோவில். கரித்துண்டு தம்பி, உங்கள் திட்டத்தில் எங்களையும் ஒரு பலகையில் வையுங்கள்.

வடிவேலு பேசுவது மதுரைத் தமிழ். எங்கள் பேச்சு வேறு, எங்கள் நகைச்சுவை வேறு. ஆனாலும் எங்கள் பிள்ளைகள் செய்கிற மீமில் அவர் முகம்தான் இருக்கிறது, எழுதியிருப்பது முழுக்க எங்கள் ஊர்ப் பேச்சு. 2022இல் ஊரில் பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் காத்துக் கிடந்தபோது எனக்கு வந்த படங்களில் அவர் வரிசையில் நின்றார், வெறுங்கையோடு திரும்பினார். படம் ஊமையாக இருப்பதால்தான் இது நடக்கிறது. அதே காட்சியைக் காணொளியாக அனுப்பினால் அவர் மதுரைக்காரராகவே இருப்பார். ஒரு சட்டகமாக நிறுத்திவிட்டால் எங்கள் ஊர்க்காரர். ஒலியை இழந்த பிறகு அந்த முகம் எங்கெல்லாம் போனது என்று பாருங்கள். நகரும் காணொளி மீம்கள் வந்துவிட்ட இந்தக் காலத்தில் அந்த வாய்ப்பு சுருங்கி வருகிறதோ என்ற கவலையும் எனக்கு இருக்கிறது.

#11 · நொச்சிப்பூ

பனங்கூடல் அண்ணா சொன்னது என்னையும் தொட்டது. இருந்தாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. அதனால் நேரடியாக ஒரு நிபந்தனை வைக்கிறேன். நடிப்பைத் தொழிலாகக் கொண்டு, கேமராவுக்கு முன்னால் தெரிந்தே நின்றவர்களின் முகம் மட்டும் பலகைக்கு வரட்டும். வழிப்போக்கர், மாணவி, தூங்குகிற தொழிலாளி, இவர்கள் படம் ஆய்வுக்காகக் கூட மறுபடி அச்சாகக் கூடாது. முகத்தை மழுக்கிப் போடுவதும் போதாது, தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் பலகையைக் காலியாக விட்டு, இங்கே ஒரு படம் இருந்தது, இந்தக் காரணத்தால் வைக்கவில்லை என்று எழுதுங்கள். எள்ளல் இரண்டு வகை என்று ஐயா சொன்னதைப் பார்ப்பவர்களுக்குப் புரிய வைக்க அந்தக் காலியிடம் போதும்.

#12 · வாய்தா

வழக்கறிஞன். சுருக்கமாகச் சொல்கிறேன். திரைச் சட்டகத்தின் பதிப்புரிமை தயாரிப்பாளருடையது. 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆய்வு உள்ளிட்ட தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. தேர்வுக்குச் சமர்ப்பிக்கிற பலகைக்கும் விமர்சனக் கட்டுரைக்கும் அதைச் சொல்லலாம். அதே பலகையை அச்சிட்டு விலைக்கு விற்றால் அது வேறு கதை. கண்காட்சிக்குப் பொதுமக்களை அழைப்பதானால், ஒவ்வொரு சட்டகத்துக்கும் பக்கத்தில் உங்கள் விமர்சனம் என்ன என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அலங்காரமாகத் தொங்கவிட்டால் வாதம் பலவீனமாகும்.

#13 · கரித்துண்டு

எல்லாருக்கும் நன்றி. நெறியாளருக்குத் தர வேண்டிய பதிலை எழுதத் தொடங்கிவிட்டேன். திட்டம் இப்படி நிற்கிறது.

முதல் பலகை நேசமணி. சுத்தியல் விழுந்த அந்தச் சட்டகம் ஒன்றின் கொடிவழி மட்டும், பிழைகளை வைத்துக் கட்டியது. இரண்டாவது, பெருமிதமும் இளிவரலும் ஒட்டி நிற்கும் இரட்டைக் கட்டங்கள். பக்கத்திலேயே என் கரி ஓவியங்கள் இருக்கும். முகத்துக்கும் வரிக்கும் தனித்தனிக் குறி இடுவேன். மூன்றாவது, ஒரே முகத்துக்கு மதுரை, சென்னை, யாழ்ப்பாணம், மலேசியா என்று வெவ்வேறு ஊர்ப் பேச்சில் வந்த வரிகள். நான்காவது, நொச்சிப்பூ அவர்கள் சொன்ன காலிப் பலகை. அதை மற்றவற்றைவிடச் சிறியதாக வைக்க மாட்டேன், அதே அளவுதான்.

படங்களுக்குத்தான் திண்டாட்டம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2017இல் வெளியிட்ட இணையப் பண்பாட்டுத் தொகுப்பில், மீம்களின் வரலாற்றைப் பதிவு செய்யும் நோ யுவர் மீம் தளத்தையும் சேமித்து வைத்திருக்கிறது. தமிழ் மீம்களுக்கு அப்படி யாரும் செய்ததாக நான் கேள்விப்படவில்லை. மூடிப்போன பக்கங்களோடு எத்தனையோ போய்விட்டன. மிச்சம் இருப்பது உங்கள் பழைய கைப்பேசிகளிலும் நினைவட்டைகளிலும்தான். 2019 மே, ஜூன் மாதத்து நேசமணிப் படங்கள் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். கோப்புப் பெயரை மாற்ற வேண்டாம், வெட்ட வேண்டாம், தெளிவாக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் மறுபடி சுருங்கிவிடும், ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். அனுப்புகிறவர் பெயர் எங்கும் வராது.

#14 · பனங்கூடல்

என் தங்கையின் பழைய கைப்பேசி ஊரில் இருக்கிறது. பேட்டரி வீங்கிவிட்டதாகச் சொன்னாள், ஆனால் நினைவட்டை தனியே கழற்றக் கூடியது. எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நேசமணியோடு 2022 வரிசைப் படங்களும் அதில் இருக்கும். இரண்டையும் அனுப்பவா?

#15 · கரித்துண்டு

இரண்டையும் அனுப்புங்கள் அண்ணா. வரிசைப் படங்களில் வழிப்போக்கர்கள் யாராவது இருந்தால் அவற்றைத் தனியே பிரித்துவிடுகிறேன்.